லிங்கேஜ் எவிடன்ஸ்: 'தொடர்புச் சான்று' போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

உண்மை அறியும் குழுக்களுக்கான கையேட்டில் 'லிங்கேஜ் எவிடன்ஸ்' (நடந்த குற்றத்தை அதற்குப் பொறுப்பானவரோடு இணைத்துக் காட்டும் சான்று) என்பதற்குத் 'தொடர்புச் சான்று' போதும் என்று இந்த இழையில் சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது போதாது என்றே படுகிறது. எதை எதோடு தொடர்புபடுத்துகிறோம் என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை, தவிர தொலைபேசித் தொடர்பு, ஊடகத் தொடர்பு என்று அது ஏற்கெனவே எங்கெங்கோ புழங்குகிறது.

ஓர் ஊரில் கொலை நடந்தது என்று நிறுவுவது ஒரு வேலை. அந்த இடத்துக்கே வராத தளபதிதான் அதற்குப் பொறுப்பு என்று நிறுவுவது வேறு வேலை. போஸ்னியப் போரில் படுகொலை நடந்த ஸ்ரெப்ரெனிட்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். புதைகுழிகளில் கிடைத்த கண்கட்டுத் துணிகளும் கைக்கட்டுகளும், 1995 ஜூலையில் பலர் பிடித்துவைத்துக் கொல்லப்பட்டதைக் காட்டின. ஆனால் போஸ்னிய செர்பியப் படையின் ஜெனரல் ராடிஸ்லாவ் கிர்ஸ்டிச்சின் பங்கைக் காட்ட, போஸ்னியப் படையினர் எதிர்த்தரப்பு அதிகாரிகளின் ரேடியோ பேச்சை ஒட்டுக்கேட்டு நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதிவைத்த குறிப்புகள் தேவைப்பட்டன. மேல்முறையீட்டில், 2004இல், முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான ஐநா போர்க்குற்றத் தீர்ப்பாயம் அவருக்கு விதித்திருந்த 46 ஆண்டுச் சிறையை 35 ஆண்டாகக் குறைத்தது.

மனித உரிமை அறிக்கைகளில் மெலிந்து கிடப்பது பெரும்பாலும் பொறுப்பை நிறுவும் இந்த இரண்டாவது வகைச் சான்றுதான். ஐவரி கோஸ்ட் முன்னாள் அதிபர் லோரான் பாக்போ வழக்கில், முக்கியமான இடங்களில் தொண்டு நிறுவன அறிக்கைகளையும் பத்திரிகைச் செய்திகளையுமே வழக்குத் தரப்பு பெரிதும் நம்பியிருக்கிறது என்று கவலை தெரிவித்த சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், 2013 ஜூனில் குற்றச்சாட்டுகளை உறுதிசெய்யும் விசாரணையைத் தள்ளிவைத்து மேலும் சான்று கேட்டது. அதனால் அறிக்கை வீண் என்று ஆகிவிடாது. எங்கே தேடுவது, யாரைக் கேட்பது என்று வழக்குத் தரப்புக்கு முதலில் வழிகாட்டுவது அதுதான். களத்துக்குப் போகிறவர் செத்தவர் பெயரோடு நின்றுவிடாமல், சீருடையில் இருந்த சின்னம், வண்டியின் நிறமும் எண்ணும், வாக்கிடாக்கியில் யாரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதையும், அதையெல்லாம் யார் நேரில் பார்த்தார் என்பதையும் குறித்துவைத்தால் பத்து வருடம் கழித்தும் உதவும். இந்த நினைப்பைச் சொல்லே ஊட்ட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

'பிணைப்புச் சான்று' வேண்டாம், நீதிமன்றத்தில் பிணை என்றாலே ஜாமீன். 'கட்டளைச் சான்று' ஆணையிட்டவரை மட்டுமே பிடிக்கும். தெரிந்தும் தடுக்காதவர், ஆயுதம் கொடுத்து உதவியவர் எல்லாம் விட்டுப்போவார்கள். என் பரிந்துரை 'பொறுப்பிணைப்புச் சான்று'. முதல் வகைக்குக் 'குற்ற நிகழ்வுச் சான்று'. கொஞ்சம் நீளம்தான், ஆனால் கேட்டவுடன் புரியும். ஐநா மனித உரிமை அலுவலகம் இலங்கை தொடர்பாகச் சான்று திரட்டிப் பாதுகாக்க 2021இல் மனித உரிமைப் பேரவை வழிசெய்திருக்கிறது, ஆகவே தமிழிலேயே வாக்குமூலம் கொடுப்பவரிடம் இந்த வேறுபாட்டை விளக்கியாக வேண்டும்.

'பொறுப்புச் சான்று' என்று சுருக்கினால் அலுவலகப் பொறுப்பு ஒப்படைப்புச் சான்றிதழ் மாதிரி ஒலிக்குமோ என்று தயங்குகிறேன். ஈழத் தமிழில் இதற்கு ஏதாவது சொல் ஏற்கெனவே இருந்தால் எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.