காலி நிலம் என்று எழுதிக் கொடுத்தார்கள்: எத்தியோப்பியாவில் நாம் பார்த்தது

டெல்டாக்காரன்:

எத்தியோப்பியாவுக்கு ஆசிரியர் வேலைக்கும் பண்ணை வேலைக்கும் போன தமிழர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். வெளிநாட்டுப் பண்ணைகளுக்காக அங்கே உழுதுகொண்டிருந்தவர்களைக் கிளப்பியதை நேரில் பார்த்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். நம் பத்திரிகைகளில் இது பெரும்பாலும் வணிகப் பக்கத்துச் செய்தியாகத்தான் வந்தது.

நான் தஞ்சாவூர்ப் பக்கம். அப்பா கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். ரசீதுகளை எல்லாம் தகரப் பெட்டியில் வருஷ வாரியாக அடுக்கி வைத்திருப்பார், 1955 சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தக் காகிதத்தை வைத்துத்தான் யாரும் அவரைத் தொட முடியாமல் இருந்தது. அந்தப் பழக்கத்தில், எத்தியோப்பியாவின் மேற்குக் கோடியில் இருக்கிற கம்பெல்லா மாநிலத்தில் என் மாணவர்களிடம் ஊரைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் கேட்டது நிலத்துக்கு உங்களிடம் என்ன காகிதம் இருக்கிறது என்பதுதான். அந்த மண்ணின் பூர்வகுடியான அனுவாக் இனத்துப் பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு காகிதமும் கிடையாது. தாத்தா உழுதார், அப்பா உழுதார், ஊருக்கே தெரியும், அவ்வளவுதான்.

கொஞ்சம் பழைய கதை சொன்னால்தான் இது புரியும். 1974 வரை தெற்கு எத்தியோப்பியாவில் உழவர்கள் பெரும்பாலும் பிரபுக்களுக்கு வாரம் (விளைச்சலில் பங்கு) அளந்தவர்கள், விளைச்சலில் பாதிகூடப் போகும். 1965-ல் மாணவர்கள் 'உழுபவனுக்கே நிலம்' என்று அடிஸ் அபாபா தெருவில் இறங்கினார்கள். 1975 மார்ச்சில் ராணுவ அரசு கிராமப்புற நிலம் முழுவதையும் பொதுச் சொத்தாக்கி, குத்தகை முறையையே ஒழித்தது. பெரிய காரியம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பிரபு இருந்த இடத்தில் அரசாங்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. 1995 அரசியல் சாசனப்படியும் நிலத்தை விற்க முடியாது, விவசாயிக்கு இருப்பது உழுது அனுபவிக்கிற உரிமை மட்டும். மொத்த நாடும் அரசாங்கத்தின் குத்தகைக்காரர்கள் என்று ஆகிவிட்டபோது, அந்த அரசாங்கமே இன்னொருவருக்கு அதே நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

அப்படித்தான் விட்டார்கள். 2010-ல் பெங்களூரின் கருத்துரி நிறுவனத்துக்கு கம்பெல்லாவில் 1,00,000 ஹெக்டேர், 50 வருஷத்துக்கு. ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 20 பிர் (எத்தியோப்பிய நாணயம்) வாடகை. அன்றைக்கு நம் காசில் ஐம்பது அறுபது ரூபாய், அதுவும் இரண்டரை ஏக்கருக்கு! சவுதி ஸ்டார் என்ற நிறுவனத்துக்கு 10,000 ஹெக்டேர், நெல் போட. எல்லாம் ஆள் இல்லாத நிலம் என்றுதான் பேச்சு.

அதே 2010-ல் சிதறிக் கிடக்கிற குடும்பங்களை ஒரே இடத்தில் குடியேற்றும் திட்டமும் தொடங்கியது. கம்பெல்லாவில் மட்டும் மூன்று வருஷத்தில் 45,000 குடும்பங்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தண்ணீர், மாவு மில் எல்லாம் வரும், விருப்பப்பட்டவர்கள் மட்டும் போகலாம், பண்ணைகளுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றது அரசு. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 2012 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை நேர்மாறாகச் சொன்னது: மிரட்டல், அடி, கைது, போய் இறங்கிய இடத்தில் சாப்பாட்டுக்கே வழியில்லை.

அந்தப் புது ஊர்களில் ஒன்றுக்கு ஒரு மாணவன் என்னைக் கூட்டிப்போனான், அவன் அத்தை அங்கே இருந்தார். மாவு மில்லுக்கென்று ஒரு தகரக் கொட்டகை நின்றது, உள்ளே மெஷின் இல்லை, ஆடுகள் படுத்திருந்தன. அத்தை வாசலில் உட்கார்ந்து மரத்தின் வேரைச் சீவிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன், வேக வைத்துச் சாப்பிட என்றார். பழைய ஊர் பாரோ ஆற்றங்கரையில் இருந்ததாம். வெள்ளம் வடிய வடிய அந்த ஈர மண்ணிலேயே மக்காச்சோளம் ஊன்றுவார்களாம், உழவே வேண்டாம், குச்சியால் குத்திப் போட்டால் போதும், ஆற்றில் மீன், கரையெல்லாம் மாமரம். மேட்டு நிலத்தில் ரெண்டு மூணு வருஷம் சோளம் போட்டுவிட்டு ஆறப் போட்டு அடுத்த துண்டுக்குப் போவார்களாம். அப்படி ஆறப் போட்ட துண்டுகளைத்தான் சாட்டிலைட் படத்தில் பார்த்துவிட்டு காலி என்று சொல்லியிருக்கிறார்கள். தரிசு போடுவது விவசாயத்தில் ஒரு பகுதி என்று நம் டெல்டாவில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியுமே. அத்தை என்னிடம் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று. "உங்கள் நாட்டில் உழுவதற்கு மண் தீர்ந்துவிட்டதா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை.

கோவை அக்ரி:

அண்ணா, நான் எதிர்ப்பக்கம் நின்றவன். அக்ரி முடித்ததும் ஏஜென்ட் மூலமாக கம்பெல்லாவில் ஒரு பண்ணைக்கு சூப்பர்வைசராகப் போனேன். கம்பெனி பேர் வேண்டாம், எங்கள் ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

கையில் ஜிபிஎஸ் கொடுத்து எல்லை போடச் சொன்னார்கள். வரைபடத்தில் அந்த பிளாக் முழுக்கப் புல்வெளி. நேரில் போனால் நடுவில் ஆள் உயரச் சோளம், கதிர் பிடித்து நிற்கிறது, பக்கத்தில் பரண், பரணில் ஒரு சின்னப் பிள்ளை கல் எறிந்து குருவி விரட்டிக்கொண்டிருக்கிறது. வாக்கிடாக்கியில் மேனேஜரைக் கூப்பிட்டு, சார் இது யாரோ போட்ட பயிர், அறுக்கிற வரைக்கும் இந்தத் துண்டை விட்டுவிட்டு மற்றதை ஓட்டலாம் என்றேன். அரசாங்கம் காலி நிலம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது, சீசன் தவறினால் நீ பதில் சொல்வாயா என்றார். சாயந்திரம் மறுபடி போய்க் கேட்டேன். மறுநாள் அந்தத் துண்டுக்கு வேறு சூப்பர்வைசரைப் போட்டார்கள், டோசர் இறங்கிவிட்டது.

இன்னொன்று சொல்ல வேண்டும். வேலை கிடைக்கும், வேலை கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். கிடைத்தது கூலி வேலை, அதுவும் களை எடுக்கிற மாதங்களில். சொந்தச் சோளம் அறுத்தவர்கள் அதே மண்ணில் தினக்கூலிக்கு வரிசையில் நின்றார்கள். டிராக்டர் ஓட்டியதெல்லாம் எத்தியோப்பியாவின் மலைநாட்டுப் பகுதியிலிருந்து வந்த ஆட்கள்.

2011-ல் பாரோ கரை புரண்டு கருத்துரி போட்ட மக்காச்சோளம் எல்லாம் முழுகிப்போனது பெரிய செய்தியாக வந்ததே, அதைப் பற்றி ஒரு அனுவாக் பெரியவர் எங்களிடம் சொன்னார்: அந்த இடத்தில் தண்ணீர் வரும் என்று எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம், யாரும் கேட்கவில்லை. பல கோடி போட்டு, அணைக்கட்டு, வரப்பு, பம்பு எல்லாம் போட்டவர்கள் பக்கத்து ஊரில் ஒரு நாள் உட்கார்ந்து பேசவில்லை. எனக்கு இதுதான் இன்று வரைக்கும் ஆறவில்லை.

ஓசூர் ரோஜா:

நான் கம்பெல்லா பார்த்ததில்லை. அடிஸ் அபாபாவுக்கு மேற்கே ஹொலேட்டா பக்கம் ரோஜா கிரீன்ஹவுஸில் வேலை. ஓசூரில் ரோஜா பழகியவர்களை அங்கே நன்றாக எடுப்பார்கள், ஊர் குளிர்ச்சி, பூவுக்கு ஏற்ற இடம், ராத்திரி பெட்டி கட்டினால் விமானத்தில் நெதர்லாந்து போய்விடும்.

அங்கே ஒரோமோ இனத்து விவசாயிகள், தெஃப் (அந்த ஊர்ச் சிறுதானியம்), கோதுமை, பார்லி போடுகிறவர்கள். அவர்களிடம் நிலப் பயன்பாட்டுச் சான்று புத்தகம் உண்டு, இழப்பீடும் உண்டு. அப்போது இருந்த 2005 சட்டப்படி, முந்தைய ஐந்து வருஷத்துச் சராசரி ஆண்டு வருமானத்தைப் போல பத்து மடங்கு. கேட்கும்போது நியாயமாகத் தெரியும். கையில் வந்ததும் வீட்டுக்குக் கூரை, மகனுக்குக் கல்யாணம், அப்புறம் வாழ்நாள் முழுக்க என்ன செய்வது? எங்கள் கேட் வாட்ச்மேன் அப்படிப்பட்டவர்தான். அவருடைய பழைய வயல் எங்கே என்று ஒரு நாள் கேட்டேன், இரண்டாவது ஷெட்டைக் கை காட்டினார்.

ஆனால் நான் எழுத வந்தது அவரைப் பற்றி இல்லை. அங்கே வாரத்துக்கு உழுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாடு இல்லாத விதவைகள், வயதானவர்கள் நிலத்தை மாடு வைத்திருக்கிற இளைஞனுக்கு விடுவார்கள், விளைச்சலை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள். நிலத்தை எடுக்கும்போது பணம் புத்தகத்தில் பேர் இருப்பவருக்குப் போகும். உழுத பையனுக்கு ஒரு காசு கிடையாது, அவன் அந்த வருஷம் விதைத்ததற்குக்கூட. எனக்குத் தெரிந்த ஒருவன் எருதுகளை விற்றுவிட்டு எங்கள் பண்ணையில் சேர்ந்தான், பூச்சிமருந்து அடிக்கிற பிரிவில் போட்டார்கள், சரியான மாஸ்க்கூட இல்லாமல்.

2014-ல் அடிஸ் அபாபாவைச் சுற்றியுள்ள கிராமங்களை நகரத்தோடு சேர்க்கும் மாஸ்டர் பிளானுக்கு எதிராக மாணவர்கள் கிளம்பினார்கள். 2015 நவம்பரில் மறுபடி வெடித்தது, 2016 ஜனவரியில் பிளானையே கைவிட வேண்டியதாயிற்று. நிறையப் பேர் உயிர் போன பிறகு. அதே வருஷம் அக்டோபரில் பிஷோஃப்து ஊரில், ஒரோமோ மக்களின் இர்ரீச்சா திருவிழாக் கூட்டத்தில் கண்ணீர்ப் புகைக்குண்டு வீசி நெரிசலில் மக்கள் செத்ததும், பல இடங்களில் வெளிநாட்டுப் பண்ணைகளையும் ஃபேக்டரிகளையும் கொளுத்தினார்கள். ஊரில் இருந்து எல்லாரும் போன் போட்டு, பயங்கரமான ஆட்களாமே என்று கேட்டார்கள். என்னோடு டீ குடித்த ஆட்கள் அவர்கள். பல வருஷம் மனுக் கொடுத்து அலைந்து, ஒரு அதிகாரியும் காது கொடுக்காமல் போன பிறகு வந்த கோபம் அது, தீ வைத்தது சரி என்று நான் சொல்லவில்லை, ஆனால் அதற்கு முந்தின பத்து வருஷத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன்.

டெல்டாக்காரன்:

ஓசூர் தம்பி, வாரத்துக்கு உழுத பையனைப் பற்றி எழுதியதற்கு நன்றி. எங்கள் பக்கத்திலும் வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுதவனுக்கு அதே கதிதான், ரசீது இருக்கிறவன் மட்டும் தப்பிப்பான். கோவை தம்பி, நீங்கள் இரண்டு தடவை போய்க் கேட்டிருக்கிறீர்கள், அந்த இடத்தில் கேட்டவர்கள் எத்தனை பேர்.

அந்தப் பண்ணைகள் அப்புறம் என்ன ஆனது என்றும் சொல்லிவிடுகிறேன். கருத்துரியின் ஒப்பந்தத்தை 2015 கடைசியில் எத்தியோப்பிய அரசே ரத்து செய்தது, எடுத்த நிலத்தில் மிகச் சிறிய பகுதியைத்தான் சாகுபடிக்குக் கொண்டுவந்தார்கள் என்று காரணம் சொல்லி. பலர் அதைக் கொண்டாடினார்கள். ஆனால் ரத்தானது இரண்டு தரப்புக்கு இடையே போட்ட ஒப்பந்தம், அதில் மூன்றாவது தரப்பாக ஊர்க்காரர்கள் ஒரு வரியிலும் இல்லை. நிலம் திரும்ப அரசாங்கத்திடம்தான் போனது. ஓடிப்போன அனுவாக் குடும்பங்கள் பலர் தெற்கு சூடானில் ஜூபா பக்கம் கோரோம் முகாமிலும் கென்யாவிலும் இருந்தார்கள்.

என் மாணவன் இப்போது ஆசிரியர். போன வருஷம் பேசும்போது அத்தை பழைய ஊருக்கே திரும்பிப் போய்விட்டார் என்றான். யாரும் அனுமதி கொடுக்கவில்லை, அவராகவே போய் ஆற்றோரத்தில் ஒரு துண்டில் மக்காச்சோளம் ஊன்றியிருக்கிறார். மறுபடி யாராவது எழுப்பினால் காட்டுவதற்கு இப்போதும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கம்பெல்லாவில் நில அளவை, சான்று வேலைகளில் சமீபத்தில் இருந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் எழுதுங்கள், ஆற்றங்கரை ஊர்களுக்கு அந்தச் சான்று கொடுக்க ஆரம்பித்துவிட்டார்களா, எங்கே மனுப் போட வேண்டும், அவனுக்குச் சொல்ல வேண்டும்.