ஓப்பன் காடிக்கு (கூரை தொறக்கற கார்) ஸ்டைல் பார் போட்டா செப்பாங் ட்ராக்குக்கு போதுமா?

தோட்டத்து_ரோட்ஸ்டர்

வணக்கம் அண்ணன்மாருங்களே. நான் பகாவ் பக்கம், எஸ்டேட் குவார்ட்டர்ஸ்ல இருந்து இப்பதான் தாமான் வீட்டுக்கு மாறினோம். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பழைய யூனோஸ் ரோட்ஸ்டர் எடுத்தேன், அதான் மாஸ்டா எம்எக்ஸ்-5 மொத ஜெனரேஷன், ஜப்பான்ல இருந்து ரிகோனா (பழசா எறக்குமதி ஆகி) வந்த காடி, 1.6 இன்ஜின், துணி கூரை. இன்ஜின் பிரேக் எல்லாம் நல்லா இருக்கு. இப்ப கூட்டாளிங்க செப்பாங் (கேஎல் ஏர்போர்ட் பக்கத்து ரேஸ் ட்ராக்) ட்ராக் டேக்கு, அதான் சொந்த காடியை ட்ராக்ல ஓட்டற நாளுக்கு, வா வான்னு கூப்புடுறானுங்க, எனக்கும் ஆசை வந்துருச்சு. (வீட்டுல சொல்லல. செப்பாங்குன்னா அம்மாவுக்கு ஏர்போர்ட்தான், யாரையோ ஏத்திவிட போறேன்னு நெனச்சுக்குவாங்க.)

விஷயம் என்னன்னா ஒரு அக்சசரி கடையில ஸ்டெயின்லெஸ் ஸ்டைல் பாரும் (சீட்டுக்கு பின்னாடி நிக்கற பளபள வளையம்) செவப்பு கலர் 4-பாயின்ட் பெல்ட்டும் (ரெண்டு தோளையும் இடுப்பையும் நாலு எடத்துல கட்டறது) சேத்து ஒரே பேக்கேஜா தர்றேன்னு சொல்றாங்க. பாக்க செம்மையா இருக்கு. "ரோல்பாரும் இதுவும் ஒன்னுதான் தம்பி, பெல்ட்டை அதுலயே கட்டிக்கலாம்"ன்னு தவுக்கே (கடை மொதலாளி) சொல்றாரு. ரோல்பார்னா காடி கவுந்தா தலையை காப்பாத்தற இரும்பு வளையம். நான் 5 அடி 11 இன்ச், ஹெல்மெட் போட்டு உக்காந்தா தலை கண்ணாடி ஃபிரேமுக்கு மேல நிக்குது, அதான் ஒரு மாதிரியா இருக்கு. இது போதுமா, இல்ல ஹார்ட்டாப் (கழட்டி மாட்டற கெட்டி கூரை) வாங்கி மாட்டிட்டா பிரச்சனை முடிஞ்சுதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_போமன்

தம்பி, காசு குடுக்கறதுக்கு முன்னாடி அந்த கடையிலயே ஒரு வேலை பண்ணு. ஏற்கனவே அந்த பார் மாட்டுன காடி ஏதாவது நின்னா கார்பெட்டை தூக்கி கால் எங்க நிக்குதுன்னு பாரு. பெரும்பாலும் சீட் பெல்ட் டவர்ல (சீட்டுக்கு பின்னாடி பெல்ட் மாட்டற தூண்) இருக்கற போல்ட்லயே ஒரு பிராக்கெட் வச்சு முறுக்கி இருப்பாங்க, அடியில வாஷர், அவ்வளவுதான். பின்னாடி சாய்வா போற கால் கெடையாது, குறுக்கு பைப் கெடையாது. வளையம் மட்டும் தனியா நின்னா காடி சைடு வாக்குல கவுந்து சறுக்கறப்ப அது அப்படியே பக்கத்துக்கு படுத்துரும். குறுக்கா மூலைக்கு மூலை ஒரு பைப் போறது அதுக்குத்தான், பின் கால் ரெண்டும் வளையம் பின்னாடி மடங்காம இருக்கத்தான். இது மூணும் சேந்தாதான் ரோல்பார், இல்லாட்டி அது துணி காயப்போட.

எஃப்ஐஏ (உலக கார் ரேஸ் அமைப்பு) ரூல் புக்குல மெயின் வளையத்துக்கு தையல் (நீளவாக்குல ஒட்டுன கோடு) இல்லாத கார்பன் ஸ்டீல் பைப், வெளி விட்டம் 45 மில்லின்னா கனம் 2.5 மில்லி, இல்லாட்டி 50க்கு 2 மில்லின்னு போட்டுருக்கு. கால் நிக்கற இடத்துல பாடியில வெல்ட் பண்ணுன பிளேட் வேணும், கனம் 3 மில்லிக்கு கொறையக் கூடாது, 120 சதுர சென்டிமீட்டர், ஒரு காலுக்கு கொறஞ்சது மூணு எம்8 போல்ட், 8.8 கிரேடு. ட்ராக் டேக்கு அந்த ரூல் அப்படியே கட்டாயம்னு நான் சொல்லல, ஆனா ஒழுங்கான சாமான் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க அது நல்ல அளவு. அதை மனசுல வச்சுக்கிட்டு அந்த ஸ்டைல் பாரை விரலால தட்டிப் பாரு, உனக்கே புரியும்.

அப்புறம் உன் உயரம். எங்க ஆளுங்க தொடப்பக்கட்டை டெஸ்ட்னு சொல்வாங்க. நீ ஹெல்மெட் போட்டு பெல்ட் இறுக்கி உக்காரணும், ஒருத்தன் நேரான கட்டையை ரோல்பார் உச்சியில இருந்து முன் கண்ணாடி ஃபிரேம் உச்சிக்கு வைப்பான். ஹெல்மெட் அந்த கட்டைக்கு கீழ இருக்கணும், தொடக்கூடாது, ரெண்டு இன்ச் இடைவெளி கேக்கற ஆர்கனைசருங்களும் இருக்காங்க. இப்பவே தலை கண்ணாடி ஃபிரேமுக்கு மேல நிக்குதுன்னா ஸ்டைல் பாரோட உயரத்துக்கு நீ எந்த காலத்துலயும் பாஸ் ஆக மாட்ட.

சிரம்பான்_சைட்வேஸ்

பெருசு எப்பவும் இப்படித்தான் பயமுறுத்தும் லா 😂 எம்எக்ஸ்-5 தரையோட தரையா கெடக்கற காடி, ஒரு டன்னு கூட வராது, அது என்ன ஹைலக்ஸ் பிக்கப்பா உருளறதுக்கு. நானும் எத்தனையோ தடவை ட்ராக்ல காடி ஸ்பின் ஆகி சுத்தி நின்னுருக்கேன், ஒன்னும் கவுறல. ஹார்ட்டாப் மாட்டு, துணியை விட ஸ்ட்ராங், ஒரிஜினல் பெல்ட்டுக்கு பதிலா 4-பாயின்ட் போட்டு இறுக்கமா உக்காரு, போதும். எல்லாத்துக்கும் எஃப்ஐஏ எஃப்ஐஏன்னா யாரும் ட்ராக் பக்கமே வர முடியாது.

பழைய_போமன்

தார் ரோட்டு மேல சுத்துனா கவுறாது, அது உண்மை, நீ சொல்றதுல அது மட்டும் சரி. ஆனா ட்ராக்ல பொதுவா காடி கவுறறது தார்ல இல்லயே. பக்கவாட்டுல சறுக்கிக்கிட்டே போய் கிராவல்ல எறங்கும், டயரும் ரிம்மும் கல்லுல புதையும், கீழ் பாகம் அங்கயே நிக்கும், மேல் பாகம் போய்க்கிட்டே இருக்கும். அதுக்கு காடி உயரமா இருக்கணும்னு அவசியமே இல்ல. செப்பாங்ல டர்ன் 5, 6 எவ்வளவு வேகமா போற கார்னர்னு உனக்கே தெரியும், அங்க பின் டயர் பிடி விட்டு கழண்டா எங்க போய் நிப்பேன்னு யோசிச்சுப் பாரு.

ஹார்ட்டாப் மழைக்கும் வெயிலுக்கும் போடறது. நாலஞ்சு கொக்கியில மாட்டுன ஒரு மூடி, கவுந்தா காடி வெயிட்டை தாங்கறதுக்கு செஞ்சது இல்ல. அமெரிக்காவுல கூரை நசுங்குதான்னு பாக்கற எஃப்எம்விஎஸ்எஸ் 216 டெஸ்டுல கன்வெர்ட்டிபிளுக்கு விலக்கே குடுத்துருக்காங்க, இல்லாத கூரையை எப்படி டெஸ்ட் பண்றது. அதனாலதான் ஒழுங்கா யோசிச்ச கம்பெனிங்க பாரை தாங்களே வச்சு குடுத்தாங்க. ஹோண்டா எஸ்2000ல சீட்டுக்கு பின்னாடி வளையம் கம்பெனியிலயே வரும். மெர்சிடிஸ் எஸ்எல் ஆர்129ல 1989லயே காடி சாயறது தெரிஞ்சா பார் தானா எழும்பி நிக்கும். நம்ம யூனோஸ்ல அந்த மாதிரி ஒன்னும் கெடையாது.

எஃப்1லயே பாரு. 2022 சில்வர்ஸ்டோன்ல ஜோ குவான்யு காடி தலைகீழா சறுக்கிப் போச்சே, அதுல தலைக்கு மேல இருந்த ரோல் ஹூப் பிச்சுக்கிட்டு போயிருச்சு, ஹேலோ (டிரைவர் தலையை சுத்தி இருக்கற வளைவு கம்பி) இருந்ததால தப்பிச்சாரு. அதுக்கு அப்புறம் அந்த ஹூப் ரூலையே டைட் பண்ணுனாங்க. அவ்வளவு காசு கொட்டி செஞ்ச இடத்துலயே அப்படின்னா ஸ்டெயின்லெஸ் பார் கதையை நான் சொல்லணுமா.

இப்ப 4-பாயின்ட் பெல்ட். இதுதான் எனக்கு ரோல்பாரை விட கவலை, ஏன்னா இதை பாதுகாப்புன்னு நெனச்சு மாட்டறாங்க. கம்பெனி 3-பாயின்ட் பெல்ட்ல காடி கவுந்து மேல இருந்து நசுங்குனா உடம்பு கொஞ்சமாச்சும் சைடுல சாயும். ரெண்டு தோளையும் சீட்டோட சேத்து கட்டிட்டா சாய வழியே இல்ல, நேரா நிமிந்து உக்காந்துக்கிட்டு தலையாலயும் கழுத்தாலயும் காடியை தாங்கணும். அதனால பார் இல்லாம ஹார்னஸ் (இந்த மாதிரி ரேஸ் பெல்ட்) கூடாது, இதுல பேரமே கெடையாது. அடுத்தது முட்டுனா என்ன ஆகும். 4-பாயின்ட்ல தொடைக்கு நடுவுல வர்ற பட்டை இல்ல, தோள் பட்டை இழுக்கறப்ப இடுப்பு பட்டை மேல ஏறி வயித்துக்கு வந்துரும், ஆளு கீழ வழுக்கிருவான், உள்ள இருக்கற குடல் ஈரல் எல்லாம் அடி வாங்கும். ஷ்ராத் கம்பெனி மாதிரி அதுக்குன்னே டிசைன் பண்ணுன 4-பாயின்ட் இருக்கு, அதை விட்டா 5 இல்ல 6 பாயின்ட்தான். கடையில தொங்கற செவப்பு பெல்ட்டுல தேதி, ஸ்டாண்டர்டு லேபிள் எதாச்சும் தச்சிருக்கான்னு பாத்தியா?

ஒரிஜினல் சீட்டுல நடு பட்டை போக ஓட்டையும் இருக்காது. தோள் பட்டை தோள்ல இருந்து நேரா இல்லாட்டி 20 டிகிரிக்குள்ள கீழ எறங்கி பின்னாடி ஒழுங்கான பார்ல கட்டணும். தரையில கொண்டு போய் கட்டுனா முட்டறப்ப முதுகெலும்பை கீழ அமுக்கும், பயலுங்க பாதி பேரு அப்படித்தான் கட்டுறானுங்க.

மில்_வெல்டர்

நான் செம்பனை (பாமாயில்) மில்லுல வெல்டிங் பாக்கறேன், அதனால பைப் பத்தி மட்டும் பேசிக்கிறேன். இந்த ஊர்ல யாராச்சும் தம்பிகிட்ட கண்டிப்பா சொல்லுவான், "மில்லுல பழைய பாய்லர் டியூப் கெடக்கு, தையல் இல்லாத பைப்தான், அதுல வளைச்சுக்கலாம்"ன்னு. எங்கிட்டயே வந்து கேட்டுருக்கானுங்க. வேணாம். கழட்டிப் போட்ட டியூப் ஏன் கழட்டுனாங்க, தேஞ்சதாலதானே. வெளிய பாக்க கனமா இருக்கும், வெட்டிப் பாத்தா ஒரு பக்கம் ரெண்டரை மில்லி, இன்னொரு பக்கம் ஒன்னு கூட இருக்காது, உள்ள குழி குழியா தின்னு வச்சிருக்கும். தண்ணி பைப், அந்த ஜிஐ பைப், அதுவும் ஆகாது, நீளத்துக்கும் தையல் ஓடும், வளைக்கற எடத்துல தையல் வாய் தொறக்கும், போதாததுக்கு நாகப் பூச்சு வெல்டிங்கை கெடுக்கும், பொகை குடிச்சா ராத்திரி காய்ச்சல்.

வளைவையும் பாருங்க. பைப் பெண்டர் சரியில்லன்னா வளைவுல பைப் நசுங்கி முட்டை மாதிரி ஆயிரும். வெர்னியர் வச்சு சின்ன பக்கத்தையும் பெரிய பக்கத்தையும் அளங்க, சின்னதை பெருசால வகுத்தா 0.9க்கு கீழ போனா அந்த வளையம் வேணாம். உள் பக்கம் சுருக்கம் விழுந்திருந்தா அளக்கவே தேவையில்ல.

இன்னொன்னு, யூனோஸ் எல்லாம் 30 வருஷத்து காடி. பின் சக்கர ஆர்ச், சில் (கதவுக்கு கீழ ஓடற தகரம்) அங்கெல்லாம் துரு தின்னுருக்கும். எவ்வளவு நல்ல பார் வாங்குனாலும் அது நிக்கற தகரம் துருவா இருந்தா கால் அதை குத்திக்கிட்டு எறங்கிரும். ஸ்க்ரூட்ரைவர் முனையால குத்திப் பாருங்க, பெயின்ட் மட்டும் உதிருதா இல்ல முனை உள்ள போகுதான்னு. உள்ள போச்சுன்னா மொதல்ல தகர வேலை, அப்புறம்தான் பார்.

கொடி_அக்கா

நான் ட்ராக்ல மார்ஷலா (கொடி காட்டி உதவிக்கு ஓடற ஆளா) நின்னுருக்கேன், கொஞ்சம் எங்க பக்கத்துல இருந்தும் கேளுங்க.

ஓப்பன் காடி கவுந்தா கை. எல்லாரும் தலையையே பேசறீங்க, கை வெளிய போகும், நீங்க வேணும்னு நீட்ட வேணாம், சுத்தற வேகத்துல தானா வீசும், அது மேல காடி எறங்கும். கூரை இல்லாம ஓட்டறதுன்னா ஆர்ம் ரெஸ்ட்ரெய்ன்ட் பட்டை இருக்கு, மணிக்கட்டு பக்கம் மாட்டி பெல்ட் பக்கிள்ல கோக்கறது, வெல பெருசா இல்ல. மாட்டுனதும் ஸ்டியரிங் முழுசா திருப்ப முடியுதான்னு நின்ன எடத்துலயே பாத்துக்கணும்.

தலைகீழா நின்னுட்டா, தீ இல்லாட்டி, பெல்ட்டை தட்டி விடாதீங்க தம்பி. எல்லாரும் பதட்டத்துல மொதல்ல அதைத்தான் செய்வாங்க, அப்படியே தலையில விழுவாங்க, ஆக்சிடென்ட்ல தப்பிச்ச கழுத்து அங்க போகும். இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு நாங்க வர்ற வரைக்கும் தொங்குங்க. தீயோ பெட்ரோல் வாசமோ வந்தா ஒரு கையையும் காலையும் நல்லா ஊனிக்கிட்டு அப்புறம் பக்கிள்.

ஹெல்மெட், மோட்டா (மோட்டார் சைக்கிள்) ஹெல்மெட் போட்டுக்கிட்டு வராதீங்க, சிரிம் (மலேசிய தர முத்திரை) ஸ்டிக்கர் இருக்குன்னு காட்றாங்க, அது ரோட்டுக்கு. ஸ்னெல் (ஹெல்மெட் டெஸ்ட் பண்ற அமைப்பு) எஸ்ஏ ரேட்டிங் இருக்கறது காடிக்குன்னு செஞ்சது, எஸ்ஏ2020 மாதிரி. அதுல தீ டெஸ்டும் இருக்கு, ரோல்பார்ல மோதற மாதிரி அடிக்கற டெஸ்டும் இருக்கு, மோட்டாவுக்கான எம் ரேட்டிங்ல இது ரெண்டும் இல்ல. அப்புறம் பார்ல சுத்தற பேட். கடையில விக்கிற மெத்து மெத்துன்னு இருக்கற பஞ்சு சும்மா அழகுக்கு, அழுத்துனா விரல் பைப்பை தொடும். எஸ்எஃப்ஐ 45.1 இல்லாட்டி எஃப்ஐஏ 8857-2001ன்னு ஸ்டாண்டர்டு நம்பர் போட்டதை வாங்குங்க, அது கட்டையா இருக்கும், கையில தொட்டா பிடிக்காது, தலைக்கு அதான் நல்லது.

தோட்டத்து_ரோட்ஸ்டர்

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. கார்பெட்டை தூக்கிப் பாத்தேன், போமன் அண்ணன் சொன்ன மாதிரியேதான், ரெண்டு போல்ட்டு. தவுக்கேகிட்ட லேபிள் எங்கன்னு கேட்டேன், "பெல்ட் கலர் போகாது, கேரண்டி"ன்னு சொல்றாரு 😅 பேக்கேஜ் வேணாம்னு சொல்லிட்டேன். ஒழுங்கான ரோல்பார் வெளிநாட்டுல இருந்து வரவைக்கப் பாக்கறேன், ஆனா என் உயரத்துக்கு அதுலயும் தொடப்பக்கட்டை இடிக்கும் போல இருக்கே? அப்புறம் டெய்லி வேலைக்கும் இதே காடிதான், பார் மாட்டிக்கிட்டு ரோட்டுல ஓட்டலாமா?

பழைய_போமன்

உயரத்துக்கு மொதல்ல சீட். பாரை உயர்த்த முடியாது, துணி கூரை மூட வேணாமா, அதனால நீதான் கீழ போகணும். ஒரிஜினல் சீட் கவரை கழட்டி உக்கார்ற எடத்து ஃபோமை செதுக்கி எடுக்கறது சீப்பான வழி, ஒரு இன்ச் பக்கம் கெடைக்கும், அதுவே சில பேருக்கு போதும். பத்தலன்னா ஸ்லைடர் இல்லாத ஃபிக்ஸட் பக்கெட் சீட், தரையோட ஒட்டுன மாதிரி பிராக்கெட். காசு குடுக்கறதுக்கு முன்னாடி உக்காந்து பாரு, யூனோஸ்ல ரெண்டு சீட்டுக்கு நடுவுல வர்ற டனல் பக்கம் இடம் குறுகல், உன் இடுப்பு சைஸ் எனக்கு தெரியாது.

ரோட்டுக்கு, ஹெல்மெட் இல்லாம ஓட்டறப்ப தலைக்கு பின்னாடி இரும்பு இருக்குங்கறதை மறக்காத. பின்னாடி எவனாச்சும் இடிச்சா சீட் மல்லாரும், மண்டை நேரா பார்ல போகும். சீட்டை எந்த அளவுக்கு மல்லாத்துனாலும் தலை பாரை எட்டாத மாதிரி இருக்கணும், நல்ல பேட் இருந்தாலும் அதை நம்பி ஓட்டாத. சைடுல கதவு பக்கம் ஓடற முழு கேஜ் ரோட்டு காடிக்கு வேணவே வேணாம். ரோட்டுல ஒரிஜினல் 3-பாயின்ட் பெல்ட்டையே போடு, அதை கழட்டிப் போட்டுராத. மாட்டறதுக்கு முன்னாடியே ஜேபிஜேலயும் (சாலை போக்குவரத்து இலாகா) புஸ்பகோம்லயும் (காடி சோதனை நிலையம்) கேட்டு எழுத்துல வாங்கிக்க, வாய் வார்த்தை வேணாம். இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்து படி, ரேஸ், ஸ்பீட் டெஸ்ட்டுன்னா பாதுகாப்பு கெடையாதுன்னு போட்டிருக்கும்.

கையில காசு கம்மின்னா வரிசை இதுதான்: துரு பாத்து தகர வேலை, ரோல்பார், சீட், எஸ்ஏ ஹெல்மெட். ஹார்னஸ் அப்புறம், அதையும் ஹான்ஸ் (ஹெல்மெட்டை தோளோட புடிச்சு கழுத்தை காக்கறது) வாங்க காசு சேந்ததும் சேத்தே வாங்கு. தோளை கட்டிப் போட்டு தலையை மட்டும் சும்மா விட்டா முன்னாடி மோதறப்ப கழுத்துதான் இழுபடும். அதுவரைக்கும் ஒரிஜினல் பெல்ட்.

சிரம்பான்_சைட்வேஸ்

சரி சரி, ஹார்னஸ் விஷயம் மட்டும் ஒத்துக்கறேன். கவுறாதுன்னுதான் இன்னும் சொல்லுவேன் 😂 தம்பி, நீ அந்த 6-பாயின்ட் வாங்குறப்ப சொல்லு, எனக்கும் ஒரு செட், சேத்து வரவச்சா கப்பல் கூலி மிச்சம்.

மில்_வெல்டர்

அடி பிளேட் வெல்டிங்னா பேட்டரி கழட்டிட்டு, பின்னாடி கார்பெட், சவுண்ட் பஞ்சு எல்லாம் உருவிட்டு கொண்டு வா, பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு பின்னாடியே இருக்கு, அதை எறக்காம நான் தீ வைக்க மாட்டேன். ஞாயித்துக்கெழம மில் லீவு.