ஒலிவ் இலையில் தேத்தண்ணி போட்டுக் குடிக்கலாமா?

பலெர்மோ வாசி:
வணக்கம். நாங்கள் சிசிலியில், பலெர்மோவுக்குச் சற்று வெளியே இருக்கிறோம். பக்கத்துத் தோட்டத்து ஐயா இந்தக் கிழமை ஒலிவ் மரங்களின் கொப்பு வெட்டினார். இரண்டு சாக்கு நிறைய எங்களுக்கும் தந்து, இலையை வீசாதே, காயவைத்து அவித்துக் குடி, பிரஷருக்கு நல்லது என்றார். அம்மா பிரஷர் குளிசை போடுகிறவர், அவருக்குக் கொடுக்கலாமா? ஒரு இலையைக் கடித்துப் பார்த்தேன், வேப்பிலை தோற்றுப்போகும், அரை மணிநேரம் நாக்கை விட்டுப் போகவில்லை. எங்கட ஊர் வெரளிக்காயும் இதுவும் ஒரே இனமா?

குசினிக்காரி:
வெரளி வேறு குடும்பம் தங்கச்சி, சிலோன் ஒலிவ் என்ற பெயர்தான் குழப்புகிறது. ஒலிவுக்கு உண்மையான சொந்தம் எங்கள் வீட்டு மல்லிகை! அந்தக் கசப்பு ஒலியூரோபீன் என்ற பொருள், பச்சைக் காயிலும் அதுதான், அதனால்தான் காயை உப்புத்தண்ணியில் கிடத்தாமல் வாயில் வைக்க முடியாது.

அம்மா விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 2011இல் வெளியான ஒரு இந்தோனேசிய ஆய்வில், ஆரம்பநிலை பிரஷர் உள்ளவர்களுக்கு இலையின் சாரத்தை 500 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இரண்டு தடவை, 8 கிழமை கொடுத்தார்கள். காப்டோபிரில் என்ற பிரஷர் குளிசை எடுத்தவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாகக் குறைந்தது. ஆனால் அது அளந்து செய்த சாரம், வீட்டில் அவிக்கிற தண்ணியில் எவ்வளவு இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? குளிசையோடு இதுவும் சேர்ந்தால் பிரஷர் அளவுக்கு மீறி இறங்கித் தலைசுற்றலாம். டொக்டரிடம் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம், குளிசையை நிறுத்தவும் வேண்டாம்.

ஆட்டுப்பட்டி:
முதலில் ஐயாவிடம் மருந்தடித்தாரா என்று கேளுங்கள். இலையில் வட்ட வட்டமாகக் கரும்புள்ளி விழுகிற நோய்க்கு இங்கே செப்பு மருந்து அடிப்பார்கள், இலையில் நீலமாகப் படிந்து நிற்கும். ஒலிவ் இலை இரண்டு மூன்று வருடம் உதிராமல் நிற்கிறது, அதனால் போன வருட இலை என்று விட்டுவிட முடியாது. நான் வேலை செய்கிற பட்டியில் வெட்டின கொப்பை அப்படியே ஆடுகளுக்குப் போடுவோம், பட்டை மட்டும் மிஞ்சும். ஆனால் மருந்தடித்ததைச் செம்மறிக்குப் போடவே மாட்டோம், செப்பு அதற்கு நஞ்சு, வெள்ளாடு கொஞ்சம் தாங்கும்.

மரியாள்:
ஒரு நல்ல கொப்பை எடுத்து வையுங்கள் அக்கா. குருத்தோலை ஞாயிறு வருகிறது, இங்கே கோயிலில் ஒலிவ் கொப்பைத்தான் மந்திரித்துத் தருவார்கள். போன வருடத்துக் கொப்பு எங்கள் வீட்டு மாதா படத்துக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது, காய்ந்து சுருண்டாலும் இலையின் அடிப்பக்கம் அதே வெள்ளிச் சாம்பல் நிறம்தான்.

பலெர்மோ வாசி:
எல்லாருக்கும் நன்றி. ஐயாவிடம் கேட்டேன், அறுவடைக்குப் பிறகு செப்பு அடித்தாராம். சாக்கு இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கிணற்றடியில் நிற்கிற ஒரு மரத்துக்கு மட்டும் அடிக்கவில்லை என்று அவரே ஏறி ஒரு கைப்பிடி ஒடித்துத் தந்தார், கழுவி நிழலில் துணி விரித்துப் போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு இல்லை, எனக்குத்தான். அவருக்கு வெள்ளிக்கிழமை டொக்டரிடம் போகிறோம், கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.