டீப் ராக் கேலக்டிக்: வேற ரோல்காரன் உங்களைக் காப்பாத்தின கதை இருந்தா போடுங்க

கொக்கிக்காரன்

நானே ஆரம்பிக்கிறேன். (தெரியாதவங்களுக்கு: நாலு பேர் சேர்ந்து குகையில பூச்சிங்களோட சண்டை போட்டுக்கிட்டே கனிமம் வெட்டுற வீடியோ கேம் இது. ஸ்கவுட், கன்னர், இன்ஜினியர், டிரில்லர்னு நாலு ரோல்.) எப்பவும் ஸ்கவுட்தான் எடுப்பேன். கொக்கியை வீசிச் சுவருக்குச் சுவர் பறக்கிற சுகமே தனி. மத்த மூணு பேரும் எனக்குக் காவலுக்கு வந்தவங்கன்னுதான் ரொம்ப நாள் நினைப்பு.

போன வாரம் ஹசார்ட் 4, கஷ்டமான லெவல். கூட வந்த மூணு பேரும் முன்னப்பின்ன தெரியாதவங்க. தோட்டா தீர்ந்துக்கிட்டு வருது. தோட்டா சப்ளை கூப்பிட 80 நைட்ரா (வெட்டி எடுக்கிற ஒரு கனிமம்) வேணும், எங்ககிட்ட 52தான். குகைக் கூரையில சிவப்பா ஒரு நைட்ரா கொத்து மின்னுது. கொக்கி போட்டு ஏறினேன். ஏறி? நிக்க இடம் வேணாமா! ஒரு வெட்டு வெட்டுறதுக்குள்ள கீழே விழுந்து பாதி உயிர் காலி. மறுபடி ஏறினேன், மறுபடி விழுந்தேன், இந்தத் தடவை முழுசா காலி. கன்னர் ஓடி வந்து எழுப்பிவிட்டார்.

அப்புறம்தான் புத்தி வந்து, லேசர் பாயின்டரை எடுத்து அந்தக் கொத்தைக் குறிச்சுக் காட்டினேன். டர்ரெட் (தானா சுடுற துப்பாக்கி) பக்கத்துல நின்ன இன்ஜினியர் அண்ணாந்து பார்த்தார். அவர் துப்பாக்கியிலேருந்து தொப்புனு ஒரு பிளாட்பார்ம் போய்க் கொத்துக்குக் கீழே ஒட்டிச்சு. ஏறி நின்னு நிதானமா வெட்டினேன். அடுத்த கொத்துக்கு நான் குறிக்கிறதுக்கு முன்னாடியே பிளாட்பார்ம் தயார். பதிலுக்கு அவர் டர்ரெட் வைக்கப்போற பக்கமெல்லாம் நான் ஃப்ளேர் அடிச்சு வெளிச்சம் போட்டேன். சாட்ல அவர் எழுதினது என்ன மொழின்னே எனக்குத் தெரியாது. கடைசியில ரெண்டு பேரும் இந்த கேமோட கோஷம் 'ராக் அண்ட் ஸ்டோன்' கத்தினோம், அவ்வளவுதான் பேச்சு.

நாலாவது ஆள்

டிரில்லர் சார்பா ஒரு வயித்தெரிச்சல். வேலை முடிஞ்சு, வெட்டினதைச் சுமக்கிற ரோபோ மோலி பாட்டுக்குச் சுவர் மேல ஏறிக் கிளம்பிடும். அதால முடியும், நம்மால முடியுமா? அப்பதான் எல்லாருக்கும் டிரில்லர் ஞாபகம் வரும். திரும்பிப் போற வண்டியான டிராப் பாடுக்கு நேரா சுரங்கம் குடைஞ்சு கொடுப்பேன், மூணு பேரும் அதுல ஓடிப்போய் ஏறிப்பாங்க. ஒரு நாள் பின்னாடி வந்த பூச்சிக் கூட்டத்துல நான் விழுந்துட்டேன். எழுப்ப ஒருத்தரும் திரும்பலை. ஒரு ஆள் ஏறினாலே மிஷன் ஜெயிச்சதாக் கணக்கு, அப்புறம் எவன் திரும்புவான்?

(சி4 வெடிகுண்டு வச்சு நான் மூணு பேரையும் சேர்த்துத் தூக்கின கதை தனி. அதை இங்க சொல்லமாட்டேன்.)

பழைய மெடிக்

நான் இந்த விளையாட்டு ஆடியதில்லை. 2007-இல் வந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2 என்ற அணிச் சண்டை விளையாட்டில் பல வருடம் மெடிக்காகவே (அணியின் வைத்தியர்) காலம் தள்ளியவன். கொக்கிக்காரன் சொன்னதைப் படித்ததும் மெடிக்கின் ஊபர்தான் (சில நொடி அடிபடாமல் காக்கும் சக்தி) நினைவுக்கு வந்தது. அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தால் 40 நொடியில் நிரம்பிவிடும். வைத்தியத்தால் வழக்கமான அளவையும் தாண்டி உயிர் ஏறி நிற்கும் ஹெவியின் (பெரிய துப்பாக்கிக்காரர்) முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் பாதி வேகம்தான். இதைத் தெரிந்துகொள்ளும்வரை நான் ஒரே ஆளுக்கு வாலாக இருந்தேன். தெரிந்தபின், தீப்பிடித்து அலறிக்கொண்டு வரும் ஸ்கவுட்டைக் கண்டால் சந்தோஷம்! சுயநலம்தான், ஆனால் அணி முழுக்க உயிரோடு இருந்தது. ஆட்டத்தை உருவாக்கியவர்கள் கெட்டிக்காரர்கள். நல்லவனாக இரு என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

நாலாவது ஆள்

அது சரிதான் அண்ணே. இங்கயும் யார் வெட்டினாலும் மோலிகிட்ட போட்டா நாலு பேருக்கும் சேர்ந்துடும். தங்கத்துக்கு அடிதடியே கிடையாது. ஆனா சப்ளையில ஆளுக்கு ஒண்ணுன்னு நாலு பங்கு வரும் பாருங்க, அதுல ரெண்டு எடுக்கிறவனை எந்த விதியும் தடுக்கலை. அங்கதான் ஆள் யாருன்னு தெரியும்.

கொக்கிக்காரன்

நேத்து முதல்தடவையா இன்ஜினியர் எடுத்தேன். கூட வந்த ஸ்கவுட் கூரையில கொக்கி போட்டு விழுறதும் எழுறதுமா இருந்தார். பாயின்டரைத் தொடவே இல்லை. பழைய என்னைப் பார்த்த மாதிரி இருந்துச்சு. சரின்னு நானே பார்த்துப் பார்த்து ஒரு பிளாட்பார்ம் ஒட்டிக் கொடுத்தேன்.

அதுல கால்கூட வைக்காம எதிர்ச் சுவருக்குப் பறந்துட்டார்.