வன்னி வகுப்பறையில் துருவப் பனி: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

கிளிநொச்சி ஆசிரியை:

தரம் 8 பிள்ளைகளுக்குத் தென்துருவப் பயணங்களைப் பற்றிச் சொல்லப் போனபோது முதலில் வழிமறித்தது ‘பனி’ என்ற சொல்தான். எங்கள் பக்கத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லை நனைப்பது. தலையில் துவாய் கட்டாமல் முற்றத்தில் இறங்கினால் அம்மம்மா ஏசுவாரே, அது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று ஒரு பையன் எழுந்து பழமொழியும் சொன்னான். 1983 ஜூலை 21 அன்று அந்தாட்டிக்காவின் வொஸ்டொக் நிலையத்தில் மைனஸ் 89.2 பாகை செல்சியஸ் பதிவானது என்றேன். எழுதிக்கொண்டார்கள். ஒரு முகத்திலும் குளிர் தெரியவில்லை.

மறுநாள் ஒரு வாளி ஐஸோடு போனேன். சாக்கில் போட்டு உடைத்து, ஆனையிறவு உப்பை அள்ளிக் கலந்தோம். ஆய்வுகூட வெப்பமானியில் மைனஸ் 10 வரைதான் கோடு இருக்கிறது. நிரல் அதற்கும் கீழே போய் ஒளிந்துகொண்டது. கடல்நீர் ஏன் பூச்சியத்தில் உறையாமல் ஏறக்குறைய மைனஸ் 1.8 பாகையில் உறைகிறது என்பதை நான் வாய் திறக்குமுன் ஒருத்தி சொல்லிவிட்டாள். (உப்புக் கலந்த ஐஸை வெறுங்கையால் தொட விடாதீர்கள், தோல் புண்ணாகிவிடும்.)

பிறகு உப்பில்லாத ஐஸ் தண்ணீர். இரண்டு சொப்பிங் பைகளை ஒன்றுக்குள் ஒன்று விட்டு, நடுவில் தடிப்பாக மாஜரின் பூசினோம். சீலுக்கும் திமிங்கிலத்துக்கும் தோலின் கீழ் இருக்கும் கொழுப்புப் படை அதுதான். வெறுங்கையை ஒரு நிமிடம்கூட வைத்திருக்க முடியாத பையன், அந்தப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு வாளியில் வைத்தபடியே பன்னிரண்டாம் வாய்பாடு முழுவதையும் ஒப்புவித்தான்.

ஆனால் நான் இதை எழுதுவது அந்தாட்டிக்காவுக்குப் பயணக்குழுவோடு போன ஷாக்கில்டனின் கதை சொன்ன நாளுக்காக. அவரது எண்டியூரன்ஸ் கப்பல் 1915 ஜனவரியில் கடற்பனியில் சிக்கி, நவம்பரில் நொறுங்கி மூழ்கியது. 28 பேரும் பனியில் பல மாதங்கள் கிடந்து, படகுகளில் யானைத் தீவை அடைந்தார்கள். பெயரைக் கேட்டதும் ஆனையிறவுப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு. அங்கிருந்து ஷாக்கில்டனும் ஐந்து பேரும் உதவி தேடிப் புறப்பட்ட படகின் நீளம் ஏறக்குறைய 7 மீற்றர். அதைத் தரையில் வெண்கட்டியால் கீறி, ஆறு பிள்ளைகளை உள்ளே இருத்தினேன். இதில்தான் 16 நாட்கள், ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர் என்றேன். மற்ற 22 பேரும் இரண்டு படகுகளைக் கவிழ்த்துப்போட்டு அதன் கீழ் நான்கு மாதம் இருந்தார்கள் என்றதும் சிரிப்பு நின்றது. ஒரு பிள்ளை, “எங்கள் அம்மா தறப்பாளுக்குக் கீழே இருந்தவர், ரீச்சர்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “ஆட்கள் வருவார்கள் என்று அவர்களுக்கு யார் சொன்னது?” என்று கேட்டாள்.

தீவில் நின்றவர்களுக்குப் பொறுப்பாக இருந்த பிராங்க் வைல்ட் என்பவர் ஒவ்வொரு நாள் காலையிலும், தலைவர் இன்று வரக்கூடும், சாமான்களைக் கட்டி வையுங்கள் என்று சொல்வாராம் என்றேன். 1916 ஆகஸ்ட் 30 அன்று கப்பல் வந்தது. 22 பேரும் உயிரோடிருந்தார்கள். அந்தத் திகதியை அவள் இரண்டு முறை கேட்டு எழுதிக்கொண்டாள்.

முல்லைத்தீவிலிருந்து:

எங்களுக்கு ஐஸ் பிரச்சினை இல்லை, மீன்வாடியில் கேட்டால் கிடைக்கும். முதல் முறை மட்டும் பெட்டியில்லாமல் சாக்கில் சுற்றி சைக்கிளில் கட்டியதால் பாதி வழியிலேயே உருகிப்போனது. அதன் பிறகு உமிக்குள் புதைத்துக் கொண்டுபோகிறேன்.

நான் செய்வது இரண்டு கண்ணாடிக் குவளைகள். ஒன்றில் ஐஸ் மிதக்கும். மற்றதில் தண்ணீருக்கு மேல் நிற்கும் கல்லில் ஐஸ் இருக்கும். நீர்மட்டத்தில் பேனையால் கோடு போட்டுவிட்டு இடைவேளைக்கு விடுவேன். திரும்பி வந்தால் மிதந்த ஐஸ் கரைந்தும் கோடு அப்படியே. கல்லிலிருந்து உருகியதுதான் நீரை உயர்த்தியிருக்கும். அந்தாட்டிக்காவின் நிலத்தின் மேல் பனிக்கட்டி சராசரியாக 2 கிலோமீற்றர் தடிப்பு என்று அப்போது சொன்னால்தான் அந்த எண்ணுக்குக் கனம் வருகிறது. “சுனாமி மாதிரி வருமா, சேர்?” என்று ஒரு பிள்ளை கேட்டான். இங்கே அந்தக் கேள்வியைக் கடந்து போகக் கூடாது. அது நில அதிர்வால் ஒரே நாளில் வந்தது, இது வருடத்துக்குச் சில மில்லிமீற்றராக ஏறுவது என்று இருந்து விளங்கப்படுத்தினேன்.

வவுனியாவிலிருந்து:

என் சித்தப்பா நோர்வேயின் வடகோடியில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். விடுமுறையில் வந்தபோது மகளின் பாடசாலைக்கு அழைத்துப்போனேன். இரண்டு மாதம் சூரியன் எழும்பாத ஊர் என்றார், பிள்ளைகள் நம்பவில்லை. உடனே ஒரு தேங்காயின் நடுவால் கம்பி ஏற்றி, சற்றுச் சரித்துப் பிடித்து, டோர்ச் வெளிச்சத்தில் சுற்றினார். எவ்வளவு சுற்றியும், வடதுருவமாக வைத்த கண் இருக்கும் பக்கம் இருட்டிலேயே நின்றது. 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்சன் நோர்வேக்காரர் என்பதையும், தோலாடையும் நாய் வண்டியும் அவர் வட கனடாவின் இனுவிட் மக்களிடம் கற்றவை என்பதையும் சொன்னார். அங்கே வாழ்கிறவர்களிடம் கற்றார் என்ற பகுதியைப் பிள்ளைகள் மிகவும் இரசித்தார்கள்.

கிளிநொச்சி ஆசிரியை:

தேங்காயை எவ்வளவு சரித்தார்? பூமி சரிந்திருக்கும் 23.5 பாகையைப் பாகைமானியால் அளந்துவிட்டேன்; கம்பி ஓட்டுக்குள் இறங்க மறுக்கிறது.