புதுப்பிப்பு: இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் கொலு

பொம்மையை எல்லாம் மகள் இழுத்துப் போட்டுவிடுவாளே, கொலு வைக்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். வைத்துவிட்டோம், ஐந்து படி. மண் பொம்மைகள் மேல் மூன்றில். கீழ் இரண்டில் மரப்பாச்சியும் மரச் சொப்பும் மட்டும், அவள் எடுத்து விளையாட. படியைச் சுவரோடு சேர்த்துக் கட்டியிருக்கிறோம், இது ரொம்ப முக்கியம்.

காலாண்டு விடுமுறை என்பதால் பெரியவனும் வீட்டில்தான். கொலுப் பூங்காவுக்கு வெந்தயம் விதைத்தது அவன். முளை விட்டதிலிருந்து அந்தத் தட்டை விட்டு நகரவே இல்லை.

கொண்டைக்கடலை தொண்டையில் சிக்கும் என்று சின்னவளுக்குத் தினமும் குழைந்த பாசிப்பருப்புச் சுண்டல். மரப்பாச்சி ராஜாவுக்கு ஒரு வாய், தனக்கு ஒரு வாய். அவர் முகமெல்லாம் தேங்காய்த் துருவல்!

அப்புறம், விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைப்போம் இல்லையா, அது இந்த முறை அவள் கையால்தான்.