காவிரியை வகுப்பறைக்குள் ஓடவிட உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். கூகுள் எர்த்தில் தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை ஒரு வரைபடச் சுற்றுலா செய்துகொண்டிருக்கிறேன். ஒகேனக்கல், மேட்டூர், முக்கொம்பு, கல்லணை என இதுவரை 9 இடங்கள் குறித்தாயிற்று. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதையும் நடுவே திருவரங்கம் தீவாக நிற்பதையும் மேலிருந்து பார்த்தால் கரும்பலகையில் நான் கோடு போட்டதெல்லாம் வீண் என்று தோன்றுகிறது!

சிக்கல் இதுதான். வகுப்பறையில் இணையம் கிடையாது. ஒரு பழைய மடிக்கணினியும் புரொஜெக்டரும் மட்டும். கே.எம்.எல் கோப்பாக (குறித்த இடங்களைச் சேமித்து வைக்கும் கோப்பு வகை) இறக்கி, கணினியில் நிறுவும் கூகுள் எர்த் புரோவில் திறந்தால் போதுமா, அல்லது அதிலேயே வீடியோவாகப் பதிவு செய்துவிடுவது நல்லதா? வீடியோ என்றால் பிள்ளைகள் "சார், அங்க நிறுத்துங்க, கிட்ட போங்க" என்பார்களே, அதற்கு வழியில்லை.

இன்னொன்று: 1934இல் கட்டிமுடித்த மேட்டூர் அணை நிரம்பியிருக்கும் படத்தையும் வற்றிய ஆண்டின் படத்தையும் அடுத்தடுத்துக் காட்ட ஆசை. பழைய செயற்கைக்கோள் படங்களைச் சுற்றுலாவுக்குள்ளேயே சேர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? படிப்படியாகச் சொன்னால் புண்ணியமாகப் போகும். அடுத்த திங்கள் பாடம்.